நாற்பத்தோராம் வரி

யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் லக்ஷிகா முதலில் வானத்தைப் பார்த்தாள். மழை இல்லை. போன கார்த்திகையிலிருந்து அவளுக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது. காலையில் கண் விழித்தாலும் சரி, கதவைத் திறந்தாலும் சரி, முதல் பார்வை வானத்துக்குத்தான்.

கையில் ஒரு துணிப்பை, மடியில் ஏந்தியபடியே கொண்டுவந்த ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் அடிமட்டம் அளவில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. கணினித் திரைக்குக் கீழே அதை ஒட்டிவிட்டால், திரைக்கு முன்னால் உட்காருகிறவரின் கண் எங்கெங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எதைத் தாண்டி ஓடுகிறது என்று எல்லாவற்றையும் பதிந்துவிடும். கொழும்பிலிருந்து பத்திரமாகக் கொண்டுவர வேண்டும் என்று அவளை ஆய்வு உதவிக்கு எடுத்திருந்த நஜீப் சேர் மூன்று தடவை சொல்லியிருந்தார். அதனால் மூன்று மணி நேரம் பெட்டியை அவள் கீழேயே வைக்கவில்லை.

கடைவீதியைத் தாண்டி மேட்டில் ஏறினால் பழைய ரப்பர் ஸ்டோர். ஒரு காலத்தில் கீழ்த்தளத்தில் ரப்பர் பாலை உறைய வைத்தார்கள், பக்கத்து அறையில் புகை போட்டார்கள். இப்போது மேல்மாடியில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடக்கிறது. கீழ்த்தளம் பூட்டியே கிடக்கிறது. காவலுக்கு இருக்கும் வோச்சர் அழகமுத்து சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார்.

"ஒரு வாடை வரும் மேடம். ரெண்டு நாள்ல பழகிரும்."

"என்ன வாடை?"

"அசிட்டுங்க. பால உறைய வைக்க ஊத்துவாங்களே, அது. பதினஞ்சு வருசமா இங்க ஒரு சொட்டு அசிட் வரல. ஆனாலும் காலையில மூக்கைப் பிடிச்சிக்கிட்டுத்தான் கதவத் தொறக்குறேன்."

லக்ஷிகா மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. பத்து மாதமாக அவளுக்கு எந்த வாசனையும் சரியாகத் தெரிவதில்லை. சோறு தின்றால் வாயில் சோறு இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அழுகையும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஊரே சொன்னது.

மறுநாளே பரிசோதனை தொடங்கியது. நஜீப் சேர் வரக்காப்பொலக்காரர், பல்கலைக்கழக விரிவுரையாளர், தேநீர்க் கோப்பையைக் கண்ட இடத்தில் மறந்து வைத்துவிட்டுத் தேடுகிற மனிதர். பன்னிரண்டு மாணவர்கள், ஐந்து கணினி நிரல்கள், மூன்று வாரம். ஒவ்வொருவரும் நாள்தோறும் திரைக்கு முன் உட்கார்ந்து நிரல்களை வாசிக்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: இதில் பிழை இருக்கிறதா, இருந்தால் எத்தனையாம் வரி? இலக்கத்தை எழுதினால் போதும்.

"புதுசா வாசிக்கிறவன் கத வாசிக்கிற மாதிரி மேலயிருந்து கீழ ஒவ்வொரு வரியா வருவான்" என்றார் நஜீப் சேர். "விளங்கினவன்ட கண்ணு தாவும். மேல ஓடும், கீழ ஓடும், தேவையான இடத்துல போய் நிக்கும். விளங்கிட்டு, விளங்கிட்டுன்னு வாய் சொல்லிக்கிட்டே ஈக்கும் லக்ஷிகா. பதிவப் பாத்தாத்தான் தெரியும், அந்த வரிக்கு அவன்ட கண்ணு போகவே இல்லன்னு."

லக்ஷிகா தலையை ஆட்டினாள். அவளுடைய மேசையில் இருந்த சின்னத் திரையில், வாசிப்பவரின் பார்வை ஒரு சிவப்புப் புள்ளியாக அசையும். மூலையில் ஒரு கறுப்புக் கட்டம். அதில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், கருவி இரண்டு கண்களையும் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஐந்து நிரல்களையும் ஒரு கம்பெனி இனாமாகக் கொடுத்திருந்தது. நிஜத்தில் ஓடுகிற நிரல்களாக இருந்தால்தான் சோதனைக்கு மதிப்பு என்று நஜீப் சேர் கேட்டு வாங்கியவை. நான்காவதைத் திறந்ததும் லக்ஷிகாவுக்குக் கை நின்றுவிட்டது. அது மண்சரிவுச் சைரனின் நிரல். முதல் வரியில் சைரனின் பெயர். இரண்டாம் வரியில், 'வாசித்துச் சரிபார்த்தது: லக்ஷிகா' என்று ஆங்கிலத்தில்.

நஜீப் சேருக்கு அது தெரியவில்லை. லக்ஷிகா என்ற பெயரில் நாட்டில் எத்தனையோ பேர். வேறு நிரல் போடலாமே என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்கு இப்போது கைவந்த விஷயம்.

நான்காம் நாள் காலையில் வாசித்தவர்கள் பட்டியலில் பதின்மூன்றாவதாக ஒரு பதிவு இருந்தது.

மாணவர்கள் பன்னிரண்டு பேர்தான். பதிவு நடந்த நேரம் காலை ஆறு இரண்டு. ஏழரைக்குத்தான் அழகமுத்து கதவைத் திறப்பார். கணினியை இரவில் அணைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் உட்கார ஒரு ஆள் வேண்டுமே.

லக்ஷிகா அதைத் திறந்தாள். நான்காவது நிரல். சிவப்புப் புள்ளி திரையில் இருந்தது. எழுத்துகளின் மேல் அது நிற்கவே இல்லை. சொற்கள் எல்லாம் வெறும் கிறுக்கல் என்பதுபோல ஒதுக்கிவிட்டு, இலக்கத்திலிருந்து இலக்கத்துக்குப் போனது. 24. 150. 60. 0. ஒவ்வொன்றிலும் நெடுநேரம் நின்றது. பிறகு மறுபடியும் 150.

கறுப்புக் கட்டத்தில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.

இடது கண் மட்டும்.

"கருவி சும்மா எதையாவது புடிச்சிருக்கும்" என்றார் நஜீப் சேர். "பல்லி, பூச்சி, கண்ணாடி வெளிச்சம். அழிக்க வேணாம், ஒரு பக்கத்துல வைங்க."

பல்லி இலக்கம் வாசிக்குமா என்று லக்ஷிகா கேட்கவில்லை. ஒரு பக்கத்தில் வைத்தாள்.

ஐந்தாம் நாளும் ஆறு இரண்டு. ஆறாம் நாளும் ஆறு இரண்டு. ஆறாம் நாள் புள்ளி எழுத்துகளுக்கு வந்துவிட்டது. ஒரு சொல்லின் முதல் எழுத்தில் நின்று, அடுத்த எழுத்துக்குப் போய், திரும்ப வந்து, எழுத்துக் கூட்டுகிறவர்களின் நடை. எட்டாம் நாள் வரி வரியாகப் போனது. ஒன்பதாம் நாள் ஒரு சொல் கீழே வந்தால், அதே சொல் மேலே எங்கே இருந்தது என்று தேடித் தாவியது.

நஜீப் சேர் அன்று தேநீரை மறந்துவிட்டார்.

"யாரு இது? பன்னெண்டு பேர்லயும் இப்பிடி யாரும் முன்னேறல்ல. நாளுக்கு இருவது நிமிசம்தான், ஆனா ஒரு செக்கன் வீணாக்கல்ல. வெளியில இருந்து யாரோ களவா வந்து படிக்குது. பாவம், ஏசாம புடிச்சிக் கொண்டு வாங்க லக்ஷிகா. எனக்கு அந்த ஆளப் பாக்கணும்."

"ஒத்தக் கண்ணு சேர்" என்றாள் லக்ஷிகா.

"அதனால என்ன? அந்த ஒரு கண்ணு நம்ம ரெண்டு கண்ண விட நல்லா வாசிக்குதே."

அவர் சிரித்தார். லக்ஷிகாவும் உதட்டை விரித்தாள். இடது கண் மட்டும் உள்ள ஒருத்தியை அவளுக்குத் தெரியும். நான்காம் நாளே தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டு ஐந்து நாள் ஓட்டிவிட்டாள்.

இராஜம் அக்கா. ஒத்தக்கல் தோட்டம், மேல் டிவிஷன்.

லக்ஷிகாவின் அம்மா இருப்பது அதே தோட்டத்தில் கீழ் டிவிஷனில். இராஜம் இதே ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தபோது அசிட் தெறித்து வலது கண் போய்விட்டது. அதற்குப் பிறகு தோட்ட நிர்வாகம் அவளுக்கு லேசான வேலை கொடுத்தது. தினமும் காலை ஆறு மணிக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மழைமானியைப் பார்த்து, நேற்றுப் பெரட்டிலிருந்து இன்றைய பெரட்டு வரைக்கும் எத்தனை மில்லிமீற்றர் என்று கொப்பியில் எழுத வேண்டும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆங்கிலம் தெரியாது. ஆனால் இலக்கத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. மழை வலுத்தால் ஒரு பழைய தகரத்தைத் தட்டிக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போவாள். எல்லாரும் திட்டிக்கொண்டே எழும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுப்பார்கள். விடிந்தால் மலை அப்படியே நிற்கும். இராஜத்தின் தகரத்துக்கு வேறு வேலை இல்லை என்று கேலி பேசிக்கொண்டே திரும்பி வருவார்கள்.

பிறகு சைரன் வந்தது. அப்போது லக்ஷிகா அந்தக் கம்பெனியில் வேலை செய்தாள். நிரலை வேறொருவர் எழுதினார். "நீ தோட்டத்துப் புள்ள, மழ, லயம் எல்லாம் உனக்குத்தான் தெரியும், நீயே வாசிச்சிப் பார்" என்று மேலாளர் சுதாகரன் அவளிடம் கொடுத்தார். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பஸ்ஸில், நெரிசலில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் இருந்த போனில் அதை மேலிருந்து கீழாக ஒரு தள்ளு தள்ளினாள். 'வாசித்தேன்' என்ற பொத்தானை அழுத்தினாள். அவிசாவளை வருவதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது.

தை மாதம் சைரனைப் பூட்டிய அன்று இராஜம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"எல்லாம் வாசிச்சிப் பாத்துட்டியா புள்ள?"

"வாசிச்சிட்டேங்க்கா. இனிமே சைரன் ஊதினா மட்டும் எழும்புங்க. தகரமெல்லாம் வேணாம்."

இராஜம் தகரத்தைக் கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டுவிட்டாள்.

நிரலின் நாற்பத்தோராம் வரி சொல்வது இதுதான்: இரவு பன்னிரண்டு அடித்தால் நாள் முடிந்தது, மழையைப் பூச்சியத்திலிருந்து எண்ணு. கொழும்பில் உட்கார்ந்து எழுதியவருக்கு நாள் என்றால் நள்ளிரவில் தொடங்குவது. தோட்டத்தில் மழையின் நாள் பெரட்டில் தொடங்கிப் பெரட்டில் முடியும். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி அந்த வரியில் இரண்டு நிமிடம் கண்ணை வைத்திருந்தால் போதும், கண்டுபிடித்திருப்பாள். போன கார்த்திகையில் சாயங்காலம் தொடங்கிப் பன்னிரண்டு மணி வரை நூற்றிருபது மில்லிமீற்றர் பெய்தது. சைரன் ஊத வேண்டிய நூற்றைம்பதுக்கு முப்பது குறைவு. பன்னிரண்டு அடித்ததும் சைரன் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று மணி வரை இன்னொரு நூற்றுப்பத்து.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்துபோய் இராஜத்தின் கதவைத் தட்டினார்களாம். "சைரன் ஊதலையே, படுங்க" என்றாளாம். தப்பிய ஒரு ஆள் சொன்னது.

மலை சரிந்து மண்ணுக்குள் போனது, இராஜத்தோடு பதினொரு பேர்.

விசாரணையில் சைரனின் பற்றரி நனைந்துவிட்டது என்று எழுதினார்கள். லக்ஷிகா மார்கழியில் அந்த நிரலை முதல் முதலாக வாசித்தாள். ஒரு மணி நேரத்தில் அந்த வரி அகப்பட்டது. கம்பெனியை விட்டு விலகினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அந்தத் தோட்டத்தில் எப்படி முகம் காட்டுவாள் என்று நினைத்தாள். அது பாதி உண்மை. தன் முகத்தைப் பற்றித்தான் அவளுக்குப் பயம். பெல்மதுளைப் பக்கத்தில் இன்னும் ஆறு தோட்டங்களில் அதே சைரன், அதே நாற்பத்தோராம் வரியோடு கம்பத்தில் நிற்கிறது. இதுவும் அவளுக்குத் தெரியும். மழைக்காலம் வந்துகொண்டிருக்கிறது. இதுவும் தெரியும்.

அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது அவள் தானே திரைக்கு முன் உட்கார்ந்து நான்காவது நிரலை முதல் வரியிலிருந்து வாசித்தாள். கண்ணும் கருத்துமாகத்தான் வாசித்தாள். பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தாள். பார்வை நின்ற இடமெல்லாம் சிவப்பு பூசிக் காட்டும். நாற்பதாம் வரி சிவப்பு. நாற்பத்திரண்டாம் வரி சிவப்பு. நடுவில் வெள்ளையாக ஒரு கீற்று.

இத்தனைக்குப் பிறகும் கண் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தன் மேலேதான். அதுவும் தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல ஒரு மங்கலான அருவருப்பு.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கூரைத் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அழகமுத்துவின் கதவைத் தட்டிச் சாவியை வாங்கினாள். அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"இந்நேரத்துக்கு எதுக்கு மேடம்? நானே போக மாட்டேன்."

"ஒரு வேல கெடக்குங்க."

"நெலவரம் தெரியாமப் பேசுறீங்க" என்றார் அவர். சாவியை மட்டும் கொடுத்தார்.

விடிந்தும் விடியாத நேரம். மலைகளை மூடியிருந்த பனி கடைவீதி வரைக்கும் இறங்கியிருந்தது. படியில் ஏறும்போதே மூக்கில் சுருக்கென்று ஏறியது.

அசிட்.

பத்து மாதத்துக்குப் பிறகு அவளுக்குத் தெரிந்த முதல் வாசனை அது.

மேல்மாடியில் யாரும் இல்லை. பெரிய திரை இருண்டு கிடந்தது. அதன் முன்னால் பிளாஸ்டிக் கதிரை, நேற்று விட்ட இடத்தில். லக்ஷிகா தன் மேசையில் உட்கார்ந்து சின்னத் திரையைப் போட்டாள். ஆறு மணி. தூரத்தில் ஏதோ தோட்டத்தில் பெரட்டு மணி அடித்தது.

ஆறு ஒன்று.

ஆறு இரண்டு.

பெரிய திரை வெளுத்தது. நான்காவது நிரல் தானாக விரிந்தது.

கறுப்புக் கட்டத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

கதிரை காலியாகத்தான் இருந்தது. லக்ஷிகா கதிரையைப் பார்த்தாள், கட்டத்தைப் பார்த்தாள், மறுபடி கதிரையைப் பார்த்தாள். ஓட வேண்டும் என்று தோன்றியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கதிரையின் பின்பக்கம் மட்டும் லேசாக வளைந்தது, ஒரு ஆள் சாய்ந்தால் வளைகிற அளவுக்கு.

சிவப்புப் புள்ளி நகர்ந்தது. இன்று அது தடுமாறவில்லை. முதல் பாதியை வேகமாகக் கடந்தது. மழையைக் கூட்டுகிற இடத்துக்குப் போனது, அங்கிருந்து நூற்றைம்பதுக்குத் தாவியது, திரும்பியது. எந்த மாணவனும் அப்படி வாசிக்கவில்லை. நஜீப் சேரே அப்படி வாசிப்பாரா என்பது சந்தேகம்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது.

நாற்பத்தொன்று.

புள்ளி நின்றது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். தகரத்தில் மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. நான்கு நிமிடம் அந்தப் புள்ளி இம்மி அசையவில்லை. கதிரைக் காலுக்குக் கீழே பலகையில் ஈரம் பரவியது. அதில் சிவந்த மண் கலந்திருந்தது.

விளங்கிவிட்டது.

கேள்வி திரையில் வந்தது: பிழை எத்தனையாம் வரி? விசைப்பலகையில் இரண்டு தட்டல். மெதுவாக, ஒற்றை விரலால்.

41.

பிறகு புள்ளி மேலே ஏறியது. நிரலின் உச்சிக்குப் போய் இரண்டாம் வரியில் நின்றது. லக்ஷிகாவின் பெயரின் முதல் எழுத்து. அடுத்த எழுத்து. அடுத்தது. கடைசி எழுத்து வரைக்கும் கூட்டி முடித்து, வலது ஓரத்தில் திரையை விட்டு வெளியே போனது.

சின்னத் திரையில் ஒரு வரி வந்தது. 'பார்வை திரைக்கு வெளியே.'

வலது ஓரத்துக்கு அப்பால் இருந்தது லக்ஷிகாவின் மேசை.

அவள் எழும்பவில்லை. அக்கா, நான் வாசிக்கவில்லை, பொத்தானை மட்டும்தான் அழுத்தினேன். அந்தச் சொற்கள் தொண்டை வரைக்கும் வந்தன. அவளுடைய வாயோ வேறொன்றைச் சொன்னது.

"சரி பண்ணிர்றேங்க்கா" என்றாள் குரலே எழும்பாமல். "அந்த ஆறு எடத்துலயும் சரி பண்ணிர்றேன்."

வெள்ளைப் புள்ளி அணைந்தது. கதிரையின் முதுகு நிமிர்ந்தது.

அன்றே அவள் நஜீப் சேரிடம் காட்டினாள். அவர் நாற்பத்தோராம் வரியைப் பார்த்து, பெரட்டு விஷயத்தை அவள் சொல்லக் கேட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ்! இது இப்பவும் ஓடுதா?" என்று அவரே சுதாகரனுக்குப் போன் போட்டார். மூன்று நாளில் திருத்திய நிரல் ஆறு தோட்டங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த கிழமை பெல்மதுளைப் பக்கத்தில் நள்ளிரவைத் தாண்டி மழை கொட்டியது. சைரன் ஊதியது. நாற்பது குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போயின. விடிந்தபோது ஒரு லயம் மண்ணுக்குள் இருந்தது. அதற்குள் ஆள் யாரும் இல்லை.

சுதாகரன் போனில் அழுதே விட்டார். "நீ இல்லன்னா என்ன ஆகியிருக்கும் லக்ஷிகா? பரிசோதனையில கண்ணுல பட்டிச்சே, எங்க யாருக்கும் படலையே! போன தடவையும் நீதான் பாத்தே. அந்த நேரத்துல யாருக்குத்தான் இது தெரியும், விடு. திருத்தினதையும் நீயே பாத்துக் குடுத்தியே, உன் பேரு அப்பிடியே இருக்கட்டும்."

பரிசோதனையில் கண்ணில் பட்டது. அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். மார்கழியிலேயே தெரியும் என்று சொல்லவில்லை. பஸ்ஸையும் கம்பியையும் போனையும் பற்றிச் சொல்லவில்லை. நாற்பது குடும்பம் பிழைத்ததே, இனி அதைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்று நினைத்தாள். போனை வைத்த பிறகு சந்தோஷம் வருகிறதா என்று சற்று நேரம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. துக்கமும் வரவில்லை. வாசனை மட்டும் தெரிந்தது.

சரி செய்தாகிவிட்டது, இனி வர மாட்டாள் என்று நம்பினாள். உண்மையில் ஒன்பது நாள் பட்டியலில் பதின்மூன்று இல்லை. நஜீப் சேர்தான் ஏங்கிப்போனார். கெட்டிக்காரப் பிள்ளை, கண்டுபிடித்துவிட்டோம் என்று பயந்து ஓடிவிட்டது என்று தினமும் புலம்பினார். பழைய நிரலை எடுத்துவிட்டுத் திருத்திய நிரலை நான்காவதாகப் போடச் சொன்னார். "பிழ இல்லாத ஒண்டுல பிள்ளைகள் என்ன செய்யுதுன்னு பாப்போம்."

லக்ஷிகா போட்டாள். இரண்டாம் வரியில் அவள் பெயர் அப்படியே இருந்தது.

கடைசி நாளன்று காலை அவள் வந்தபோது ஏழரை. கதவைத் திறந்துவிட்டிருந்த அழகமுத்து வாசலை விட்டு வெகுதூரத்தில், மழையில் நனைந்தபடி நின்றார்.

"நீங்க மேல போங்க மேடம்" என்றார் அவளைப் பார்க்காமல். "நான் இங்கயே இருக்கேன்."

மேலே அவள் பட்டியலைத் திறந்தாள். பதின்மூன்று வந்திருந்தது. ஆறு இரண்டு.

அதற்குக் கீழே பதினான்கு. பதினைந்து. பதினாறு. இருபத்துமூன்று வரைக்கும் போனது.

லக்ஷிகா முதலில் பதின்மூன்றைத் திறந்தாள். ஒற்றைக் கண் திருத்திய நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் நிதானமாக வாசித்திருந்தது. நாற்பத்தோராம் வரியில் ஒரு கணம் நின்று, திருப்தியானதுபோல நகர்ந்தது. முடிவு வரைக்கும் போய், திரும்ப உச்சிக்கு வந்து, இரண்டாம் வரியில் நின்றது. 'வாசித்துச் சரிபார்த்தது.' அந்தச் சொற்களின் மேல் போனது, வந்தது, போனது.

பிழை எத்தனையாம் வரி?

2.

பதினான்கைத் திறந்தாள். இது இரண்டு கண். எழுத்துத் தெரியாத பார்வை, இலக்கங்களை மட்டும் தொட்டுத் தொட்டுப் போனது. பிறகு யாரோ கையைப் பிடித்து இழுத்ததுபோல நேரே மேலே போய் இரண்டாம் வரியில் நின்றது. பதில் 2. பதினைந்து, 2. பதினெட்டில் கண்கள் மேசை விளிம்பின் உயரத்தில்தான் இருந்தன, கதிரையில் ஏறி உட்கார முடியாத ஒரு பிள்ளையின் உயரம். அதுவும் 2.

பதினொரு பதிவு. பதினொரு பதிலும் ஒன்றே.

அறையில் அசிட் வாடை கண்ணைக் கரித்தது. மேல்மாடிப் பலகை முழுக்க ஈர மண். அப்போதுதான் சின்னத் திரையின் மூலை அவள் கண்ணில் பட்டது. அந்தக் கறுப்புக் கட்டம். அதில் வெள்ளைப் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, மேலும் கீழுமாக, விதவிதமான உயரத்தில். அவள் எண்ணினாள். இருபத்தொன்று. பத்துப் பேருக்கு இருபது. ஒருத்திக்கு ஒன்று.

பெரிய திரைக்கு முன்னால் கதிரை காலியாக இருந்தது. கட்டத்துக்குக் கீழே அதே வரி. 'பார்வை திரைக்கு வெளியே.'

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நஜீப் சேர் பாதிப் படியில் நின்று, மேலே பாராமல் குரல் கொடுத்தார்.

"லக்ஷிகா, நம்ம பதிமூணாம் நம்பர் இண்டைக்காவது வந்திச்சா?"

லக்ஷிகா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்தைத் திருப்பவில்லை. கழுத்துக்குப் பின்னால் ஈர மூச்சு படுவது தெரிந்தது.

"எல்லாரும் வந்திருக்காங்க சேர்" என்றாள்.